பண்ணையில் போட்ட மரம் எப்போது திரும்பி வரும்?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி வியூக ஆட்டம் தொடங்கி பத்தொன்பது நிமிடம் ஆகியிருக்கும். ஆட்டத்தின் நான்கு காலகட்டங்களில் மூன்றாவதான காசில் ஏஜுக்கு இப்போதுதான் ஏறியிருக்கிறோம். கையில் 300 மரம் இருக்கிறது. வேலையாட்களான வில்லேஜர்களை உருவாக்கும் டவுன் சென்டரில் இரண்டாவது ஒன்றைக் கட்ட 275 மரமும் 100 கல்லும் வேண்டும். ஒரு வில்லேஜரைக் கூப்பிட்டு இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஓரத்தில் உள்ள எண் 240 ஆகிறது. அப்புறம் 180. அப்புறம் 120. எதிரி எதுவும் செய்யவில்லை. ஒன்பது நிமிடத்துக்கு முன்னால் நாம் போட்ட பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்ந்து, உணவைக் கொண்டுவந்து கொட்டும் கட்டடமான மில் தானாகவே மறுவிதைப்புக்கு மரத்தை எடுத்துக்கொள்கிறது. எட்டுப் பண்ணைக்கு 480 மரம். டவுன் சென்டர் தள்ளிப்போகிறது. அந்த இரண்டு நிமிடத் தாமதத்தில் எதிராளி முந்திவிடுகிறார்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாடும் பலருக்கு இது பழகிய காட்சி. 1999இல் வந்த ஆட்டம் இது. 2019இல் டெஃபினிட்டிவ் எடிஷனாகப் புதுப்பித்த பிறகு இன்றும் அதே சூட்டோடு ஆடப்படுகிறது. படை நகர்த்துவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆட்டத்தைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் பண்ணைக் கணக்குதான். அதில் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மில்லில் செய்யும் முதலீடு உணவு விளைச்சலை வேகப்படுத்தும் என்று நினைக்கிறோம். அது அப்படி வேலை செய்யவில்லை.

முதலில் அடிப்படை எண்கள். ஒரு பண்ணை போட 60 மரம். அதில் 175 உணவு இருக்கும். தீர்ந்தால் மறுபடி 60 மரம் கொடுத்து விதைக்க வேண்டும். மில்லில் மூன்று அப்கிரேட்கள், அதாவது விலை கொடுத்து வாங்கும் மேம்பாடுகள், இருக்கின்றன. இரண்டாம் காலகட்டமான ஃபியூடல் ஏஜில் ஹார்ஸ் காலர்: 75 உணவு, 75 மரம் செலவு, பண்ணைக்கு 75 உணவு கூடும். காசில் ஏஜில் ஹெவி ப்ளோ: 125 உணவு, 125 மரம், பண்ணைக்கு 125 கூடும், விவசாயி ஒரு நடைக்குச் சுமப்பதிலும் ஒன்று கூடும். கடைசிக் காலகட்டமான இம்பீரியல் ஏஜில் கிராப் ரொட்டேஷன்: 250 உணவு, 250 மரம், பண்ணைக்கு 175 கூடும். ஆகப் பண்ணையின் கொள்ளளவு 175, 250, 375, 550 என்று ஏறுகிறது. அதே 60 மரத்துக்கு மூன்று மடங்குக்கு மேல் உணவு. பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் விவசாயியைக் கவனியுங்கள். ஹார்ஸ் காலர் வாங்குவதற்கு முன்னால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 உணவு சேர்த்தார். வாங்கிய பிறகும் அதே 20தான். அவர் கை வேகம் மாறவில்லை. மாறியது, அந்தப் பண்ணை எத்தனை நிமிடம் தாங்கும் என்பது. முன்பு எட்டே முக்கால் நிமிடத்தில் தீர்ந்தது இப்போது பன்னிரண்டரை நிமிடம் வரும். ஹெவி ப்ளோவும் சேர்ந்தால் பத்தொன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்றும் சேர்ந்தால் இருபத்தேழரை நிமிடம்.

அப்படியென்றால் இந்த முதலீடு நமக்குத் தருவது உணவு அல்ல, மரம். இன்னும் சரியாகச் சொன்னால், மரம் கொடுக்க வேண்டிய நாளைத் தள்ளிப்போடுகிறது. இது புரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் எல்லாம் தெளிவாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மரம் வெட்டும் அப்கிரேட் எதுவும் இல்லாத ஒரு வில்லேஜர் நிமிடத்துக்கு 24 மரம் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடக்கும் தூரத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். 60 மரத்துக்கு அவருக்கு இரண்டரை நிமிட உழைப்பு. ஆக 175 உணவுக்குப் பின்னால் விவசாயியின் எட்டே முக்கால் நிமிடமும் மரம்வெட்டியின் இரண்டரை நிமிடமும் இருக்கின்றன. மொத்தம் பதினொன்றே கால் நிமிடம். வகுத்தால் ஓர் ஆள்-நிமிடத்துக்கு 15.6 உணவு. பண்ணை உணவின் உண்மையான விலை இதுதான். இருபது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஹார்ஸ் காலருக்குப் பிறகு 250 உணவுக்கு பதினைந்து நிமிட உழைப்பு, அதாவது ஆள்-நிமிடத்துக்கு 16.7. ஹெவி ப்ளோவுக்குப் பிறகு 17.6. கிராப் ரொட்டேஷனுக்குப் பிறகு 18.3. பண்ணையின் கொள்ளளவு மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. மனித உழைப்பின் பலனோ மொத்தத்தில் 18 சதவீத அளவுக்குத்தான் கூடியிருக்கிறது. முதல் அப்கிரேட் 7 சதவீதம், இரண்டாவது 6, மூன்றாவது 4. விலையோ ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. விலை ஏற ஏறப் பலன் குறைகிறது. திரையில் 75, 125, 175 என்று கூடிக்கொண்டே போகும் எண்கள் நேர் எதிரான எண்ணத்தைத் தருகின்றன.

இன்னொன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. மரம் வெட்டும் வேகம் கூடினால் பண்ணையின் விலையும் தானாகவே குறையும். வெட்டிய மரத்தைக் கொட்டும் கட்டடமான லம்பர் கேம்பில் கிடைக்கும் டபுள் பிட் ஆக்ஸ் மர வேகத்தை 20 சதவீதம் உயர்த்துகிறது. 100 உணவும் 50 மரமும் அதன் விலை, அதாவது ஹார்ஸ் காலருக்கு ஆகும் அதே மொத்தம் 150. பண்ணையை மட்டும் பார்த்தால் அது தரும் லாபம் ஹார்ஸ் காலரில் பாதி இருக்கும். ஆனால் அது வில்லாளிக்கும் வீட்டுக்கும் குதிரைப்படைக்கான ஸ்டேபிளுக்கும் ஆகும் மரத்தையும் சேர்த்து மலிவாக்குகிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் இருக்கிறது என்றால் டபுள் பிட் ஆக்ஸை முதலில் வாங்குவதே சரி. பெரும்பாலான நல்ல ஆட்டக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சரி, ஹார்ஸ் காலரை எப்போது வாங்குவது? பண்ணைகளின் எண்ணிக்கையில்தான் பதில் இருக்கிறது. பழைய கணக்குப்படி 250 உணவுக்கு 85.7 மரம் ஆகியிருக்கும். இப்போது 60. ஒரு பண்ணை முழுதாகத் தீரும்போது மிச்சம் ஏறக்குறைய 26 மரம். செலவு 75 மரமும் 75 உணவும். உணவையும் மரத்தையும் சமமாக மதித்தால் 150. ஆறு பண்ணைகள் முழுதாகத் தீர்ந்தால் போட்ட முதல் திரும்பிவிடும். பன்னிரண்டு பண்ணை வைத்திருப்பவருக்கு ஆறேழு நிமிடத்தில் திரும்பும். நான்கே நான்கு பண்ணை வைத்திருப்பவருக்குப் பத்தொன்பது நிமிடம் ஆகும். அதற்குள் பல ஆட்டங்கள் முடிந்தே போய்விடும்.

அதனால் என்ன படை கட்டுகிறோம் என்பதைப் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது. ஸ்கவுட் குதிரை ஒன்றுக்கு 80 உணவு, பயிற்சிக்கு அரை நிமிடம். ஒரு ஸ்டேபிள் நிற்காமல் ஓடினால் நிமிடத்துக்கு 160 உணவு, அதற்கு மட்டும் எட்டு விவசாயிகள். டவுன் சென்டரில் 25 விநாடிக்கு ஒரு வில்லேஜர், தலைக்கு 50 உணவு. நிமிடத்துக்கு 120, அதற்கு ஆறு பேர். ஆக ஆடு, பன்றி, பெர்ரி எல்லாம் தீர்ந்த பிறகு பதினான்கு பண்ணை வேண்டும். விதைக்க மட்டும் 840 மரம். இந்த வழியில் போகிறவருக்கு ஹார்ஸ் காலர் அவசியம், அதுவும் சீக்கிரமே. வில்லாளி ஒருவருக்கு 25 மரமும் 45 தங்கமும்தான், உணவே வேண்டாம். அந்த வழியில் போகிறவருக்கு ஃபியூடல் ஏஜில் ஆறேழு பண்ணை போதும். அவர் 75 உணவை எடுத்து இன்னும் ஒன்றரை வில்லேஜருக்குப் போடுவதே லாபம். ஒரே அப்கிரேட், ஒரே விலை, ஆனால் ஒருவருக்கு அது உயிர், இன்னொருவருக்குக் கையைக் கடிக்கும் செலவு.

இவ்வளவு கணக்கும் சராசரிக் கணக்கு. ஆட்டத்தில் வலிப்பது சராசரி அல்ல, நேரம். பண்ணைகளை நாம் கூட்டாகப் போடுகிறோம்: பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு பெர்ரி தீரும்போது நான்கு, கடைசிப் பன்றி தீரும்போது இன்னும் நான்கு. கூட்டாகப் போட்டவை கூட்டாகத்தான் தீரும். கடன் பத்திரம் எல்லாம் ஒரே தேதியில் முதிர்வதைப் போல. அந்தத் தேதி காசில் ஏஜுக்கு ஏறும் நேரத்தில் வந்து விழுகிறது. மரத்துக்கு ஆட்டத்திலேயே மிகப் பெரிய தட்டுப்பாடு உள்ள நேரமும் அதுதான்: டவுன் சென்டர் 275, இன்னொரு ஸ்டேபிள் 175, வீடுகள், இன்னும் பத்துப் பண்ணை. ஹார்ஸ் காலர் அந்தத் தேதியைக் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் தள்ளிவைக்கிறது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன ஆட்டத்தில் ஃபியூடல் ஏஜிலேயே அந்த 150ஐச் செலவழித்திருந்தால் அந்த 300 மரத்தில் டவுன் சென்டர் எழுந்திருக்கும். பண்ணைகள் இருபத்துமூன்றாவது நிமிடத்தில் தீரும்போது புது டவுன் சென்டரில் பிறந்த வில்லேஜர்கள் மரம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். 7 சதவீத லாபம் என்று கணக்கில் வந்தது இங்கே ஓர் ஆட்டத்தையே காப்பாற்றுகிறது.

மறுவிதைப்பை ஆட்டம் நடத்தும் முறையும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. 1999இன் முதல் வடிவத்தில் தீர்ந்த பண்ணையை நாமே தேடிப் பிடித்து மறுபடி போட வேண்டும். விவசாயி சும்மா நிற்பார். 2000இல் வந்த கான்கரர்ஸ் என்ற கூடுதல் தொகுப்பு மில்லில் வரிசை வசதியைக் கொடுத்தது, ஆனால் மரத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். பத்துப் பண்ணைக்கு வரிசை போட்டால் 600 மரம் முடங்கிக் கிடக்கும். டெஃபினிட்டிவ் எடிஷனில் தானியங்கி விதைப்பு வந்துவிட்டது. முடங்கிய முதல் விடுபட்டது நல்லதுதான். ஆனால் கேட்காமலே மரம் போவதால், எப்போது எவ்வளவு போகும் என்பதை நாம் மனதில் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது. காசில் ஏஜ் ஏறும் அந்த ஒரு நிமிடம் மட்டும் தானியங்கியை அணைத்துவைத்து, டவுன் சென்டரைப் போட்டுவிட்டு மறுபடி இயக்குகிறவர்களும் உண்டு. இரண்டு விவசாயிகள் சற்று நேரம் சும்மா நிற்கலாம். பரவாயில்லை.

விவசாயியின் வேகத்தையே கூட்டும் முதலீடு எது? அது மில்லில் இல்லை, டவுன் சென்டரில் இருக்கிறது. வீல்பாரோ: 175 உணவு, 50 மரம். வில்லேஜர்கள் 10 சதவீதம் வேகமாக நடப்பார்கள், சுமையும் கூடும். மரம்வெட்டிக்கும் சுரங்கத்தில் இருப்பவருக்கும் இதில் சிறு லாபம்தான், ஏனென்றால் அவர்கள் நின்ற இடத்தில் வேலை செய்கிறவர்கள். விவசாயி பண்ணைக்குள்ளேயே இங்கும் அங்கும் நடந்துகொண்டிருப்பார். நிறைந்த கூடையோடு கொட்டிவிட்டு வருவார். கவனித்துப் பார்த்தால் அவருடைய நேரத்தில் கணிசமான பகுதி நடையிலேயே போகிறது. அதனால் நடையை மிச்சப்படுத்தும் எதுவும் முதலில் அவருக்குத்தான் பயன்படும். இதே காரணத்தால்தான் டவுன் சென்டரை ஒட்டி நெருக்கமாகப் போட்ட பண்ணையும், மில்லிலிருந்து ஒரு பண்ணை தள்ளிப் போட்ட பண்ணையும் ஒரே விளைச்சலைத் தருவதில்லை. நெருக்கமாகப் போடுவதற்குச் செலவே இல்லை.

ஆனால் ஒன்று: வேகம் கூடினால் பண்ணையும் சீக்கிரம் தீரும். ஆட்டத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் நாகரிகங்களில் ஸ்லாவ் நாகரிகத்தின் விவசாயிகள் மற்றவர்களைவிட வேகமானவர்கள். அவர்களுக்கு உணவு கொட்டும், மறுவிதைப்புச் செலவும் அதே வேகத்தில் வரும். வேகத்துக்கான முதலீடும் கொள்ளளவுக்கான முதலீடும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. முதலாவது கூடக் கூட இரண்டாவதின் தேவை கூடுகிறது.

டியூட்டன்கள் நேர்மாறான பாடம். அவர்களுக்குப் பண்ணை 40 சதவீதம் மலிவு, 36 மரம். மேலே போட்ட கணக்கில் இதை வைத்துப் பாருங்கள்: ஒரு காசு முதலீடு இல்லாமல் ஆள்-நிமிடத்துக்கு 17 உணவு வருகிறது. மற்றவர்கள் ஹார்ஸ் காலர் வாங்கியும் 16.7இல்தான் இருக்கிறார்கள். ஆனால் பண்ணையே மலிவு என்பதால் அப்கிரேட் மிச்சப்படுத்துவதும் குறைவு. ஹார்ஸ் காலர் அவர்களுக்கு ஒரு பண்ணைக்குப் பதினைந்து மரம்தான் மிச்சம் பிடிக்கிறது. முதல் திரும்ப ஆறு பண்ணை போதாது, பத்துப் பண்ணை தீர வேண்டும். ஆகவே டியூட்டனாக ஆடும்போது மில்லைக் கொஞ்சம் காக்க வைக்கலாம். ஃபிராங்குகளுக்கு மூன்று அப்கிரேட்களும் இலவசம். அவர்கள் மிச்சம் பிடிப்பது மொத்தம் 900. அவர்கள் மில்லைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

2022இல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்போடு வந்த திராவிடர்களை நம்மில் பலர் ஆசையோடு எடுத்து ஆடுகிறோம். வில்லேஜரைத் தொட்டால் தமிழில் பதில் வருவது ஒரு காரணம், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு இன்னொரு காரணம். அவர்களுக்கு ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் 200 மரம் கிடைக்கிறது. காசில் ஏஜ் ஏறும் நிமிடத்தில் மறுவிதைப்புக் கடன் வந்து விழும் என்று பார்த்தோம் அல்லவா? அதே நிமிடத்தில் மூன்று பண்ணையை மறுபடி விதைக்கும் அளவுக்கு மரம் வந்து சேர்கிறது. கடற்படை நாகரிகம் என்றே அவர்களைப் பேசுகிறார்கள். நிலத்தில் ஆடும்போது அந்த 200ஐ எங்கே போடுகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம்.

இந்த மூன்று அப்கிரேட்களின் பெயர்களும் கற்பனை அல்ல. மூன்றும் இடைக்கால ஐரோப்பிய வேளாண்மையிலிருந்து எடுத்தவை. ஹார்ஸ் காலர் என்பது குதிரையின் கழுத்தை அழுத்தாமல் தோளில் பாரம் உட்காரும்படி செய்த பட்டை. சீனாவில் முன்பே இருந்தது, ஐரோப்பாவில் 9, 10ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிப் பரவியது. குதிரை மாட்டைவிட வேகமாக உழும். ஹெவி ப்ளோ, வட ஐரோப்பாவின் ஈரக் களிமண்ணை வெட்டிப் புரட்டிப் போடும் கனத்த கலப்பை. எட்டு மாடு வரை பூட்டி உழுதார்கள். அத்தனை மாட்டைத் தனியாக வைத்திருந்த குடியானவர்கள் அரிது, ஊரே சேர்ந்து ஏர் பூட்ட வேண்டியிருந்தது. கிராப் ரொட்டேஷன், நிலத்தை மூன்றாகப் பிரிக்கும் முறை: ஒன்றில் இலையுதிர்காலத்தில் கோதுமை அல்லது ரை என்ற தானியம், இன்னொன்றில் வசந்தகாலத்தில் ஓட்ஸ், பார்லி, பட்டாணி வகை, மூன்றாவது தரிசு. பழைய முறையில் பாதி நிலம் தரிசாகக் கிடந்தது. 600 ஏக்கர் உள்ள ஊரில் 300 ஏக்கர் விதைத்த இடத்தில் இப்போது 400 ஏக்கர் விதைக்கலாம். ஆட்டத்தில் மூன்றும் மூன்று தனிப் பொத்தான்கள். நிஜத்தில் ஒன்றையொன்று தாங்கி நின்றவை: குதிரை ஓட்ஸ் தின்கிறது, ஓட்ஸ் வசந்தகாலப் பயிர், வசந்தகாலப் பயிருக்கு மூன்று வயல் முறை வேண்டும்.

நிஜத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில் எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை விதையில் இருக்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் ஒரு மடங்கு கோதுமை விதைத்தால் மூன்று அல்லது நான்கு மடங்குதான் அறுத்தார்கள். அதில் ஒரு மடங்கை அடுத்த ஆண்டுக்கு விதையாக எடுத்துவைக்க வேண்டும். அறுவடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வாய்க்கு வராமலே போயிற்று. ஆட்டத்தில் 175 உணவுக்கு 60 மரம், அது 34 சதவீதம். ஹார்ஸ் காலர் வந்தால் 24 சதவீதம். வடிவமைத்தவர்கள் இதை நினைத்துச் செய்தார்களா என்பது வேறு விஷயம். எண்கள் அங்கேதான் வந்து நிற்கின்றன. பஞ்ச காலத்தில் விதைத் தானியத்தில் கை வைக்கும் நிலை வந்த குடும்பம் எதைப் பார்த்து அஞ்சியிருக்கும் என்பது, மரம் 40 இருக்கும்போது பண்ணை தீரும் அந்த நொடியில் கொஞ்சம் புரியும்.

கிராப் ரொட்டேஷனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஒரு பண்ணைக்கு அது மிச்சம் பிடிப்பது 28 மரம், விலையோ 500. பதினெட்டுப் பண்ணைகள் முழுதாகத் தீர வேண்டும், அதாவது 9,900 உணவு. இம்பீரியல் ஏஜுக்கு ஏறியவுடன் அந்த 500ஐ எடுத்துப் படையின் அப்கிரேட்களில் போடுவதுதான் அறிவு. அடுத்த ஐந்து நிமிடத்தில் கோட்டை விழுமா நிற்குமா என்பது அங்கேதான் இருக்கிறது.

தங்கம் தீர்ந்த பிறகு நிலைமை வேறு. வரைபடத்தில் சுரங்கம் இல்லை, சந்தையில் விலை ஏறிவிட்டது. இனி உணவும் மரமும் மட்டும் கேட்கும் படைகள்தான்: 35 உணவும் 25 மரமும் கேட்கும் ஹால்பர்டியர் என்ற ஈட்டிக் காலாள், 25 உணவும் 35 மரமும் கேட்கும் ஸ்கர்மிஷர் என்ற எறியீட்டி வீரர், 80 உணவு கேட்கும் ஹுசார் என்ற இலகுக் குதிரை வீரர். காடு வெட்டி வெட்டி லம்பர் கேம்பிலிருந்து வெகுதூரம் போயிருக்கும். இந்த நேரத்தில் 40 பண்ணை வைத்திருப்பவருக்கு கிராப் ரொட்டேஷன் நிமிடத்துக்கு 40 மரம் மிச்சம் பிடித்துத் தருகிறது. பன்னிரண்டு நிமிடத்தில் போட்டது திரும்பிவிடும். அதற்குப் பிறகு இரண்டு நிமிடத்துக்கு மூன்று ஹால்பர்டியருக்கான மரம் மில்லிலிருந்தே வந்துகொண்டிருக்கும்.